வரியைக் குறைத்த பிறகு பால்மா ஏன் 790 ரூபா ஆனது?

பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "வரியைக் குறைத்தால் சனத்தின் கையில் காசு மிஞ்சும், அதைச் செலவழிப்பார்கள், பொருளாதாரம் வளரும் என்று படிக்கிறோம். 2019 இல் இலங்கை அரசாங்கம் அதைத்தானே செய்தது? பிறகு ஏன் மூன்று வருடத்துக்குள் நாடு வங்குரோத்தானது? பாடம் பிழையா, அல்லது கொரோனாதான் காரணமா? 2025 இலும் வருமான வரி விலக்கு எல்லையை உயர்த்தினார்களே, அதுவும் அதே பிழையா?"

பாடம் பிழையில்லை தம்பி. ஆனால் அதில் அடுத்த வசனம் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். வரியைக் குறைத்த அரசாங்கம் செலவைக் குறைக்கவில்லை என்றால், இடையில் விழுகிற பள்ளத்தை யாராவது நிரப்ப வேண்டும். யார் நிரப்புகிறார்கள், எந்த நாணயத்தில் நிரப்புகிறார்கள் என்பதுதான் ஒரு வரவு செலவுத் திட்டம் நாட்டைத் தூக்குமா விழுத்துமா என்பதைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் அந்தப் பள்ளத்தைக் கடைசியில் நிரப்பியது பால்மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிய சனம்தான். வரி போய்விடவில்லை. வேறு பெயரில், வேறு ஆட்களிடம் வசூலானது.

முதலில் என்ன குறைத்தார்கள் என்று பார்ப்போம். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வரிக் குறைப்பு அறிவிப்பு வந்துவிட்டது. வந்ததும் முழு வரவு செலவுத் திட்டமாக அல்ல, அமைச்சரவை முடிவாக. டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி, நாங்கள் வற் என்று சொல்வது, 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 2 சதவீத தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் மாதாமாதம் வருமான வரியைக் கழிக்கும் முறை, வங்கி வட்டியில் பிடிக்கும் வரி, வியாபாரங்கள் விற்பனையின் மேல் கட்டிய பொருளாதார சேவைக் கட்டணம் எல்லாம் போயின. கம்பனிகளுக்கான பொது வரி வீதம் 28 இலிருந்து 24 ஆனது.

இதில் யாருக்கு எவ்வளவு மிஞ்சியது? அதற்கு முன் மாதம் 1,00,000 ரூபாவுக்குக் கீழே சம்பளம் எடுப்பவர் வருமான வரி கட்டியதே இல்லை. அந்த வரி விலக்கு எல்லையை 2,50,000 ஆக உயர்த்தியபோது, மாதம் 2,00,000 எடுத்தவருக்கு 6,000 ரூபா மிஞ்சியது. 45,000 எடுத்த பள்ளிக்கூட ஆசிரியருக்கு ஒரு சதமும் இல்லை. வற் குறைந்ததால் அவருக்குக் கொஞ்சம் லாபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அரிசி, மா, பாண் போன்றவற்றுக்கு ஏற்கெனவே வற் கிடையாது. மற்றச் சாமான்களில் எங்கள் தெருக் கடையில் விலை இறங்கியதாக எனக்கு நினைவில்லை. ஏறும்போது உடனே ஏறும் விலை இறங்கும்போது மட்டும் யோசித்து யோசித்துத்தான் இறங்கும்.

எல்லோரும் 15, 8 என்ற இலக்கங்களைத்தான் பேசினார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சேதமாகத் தெரிவது இன்னொன்று. வற் கட்டப் பதிய வேண்டிய வியாபாரத்தின் எல்லை வருடத்துக்கு 12 மில்லியன் ரூபாவாக இருந்தது. அதை ஒரே அடியாக 300 மில்லியன் ஆக்கினார்கள். நாள் கணக்கில் போட்டுப் பாருங்கள். முன்பு நாளுக்குச் சுமார் 33,000 ரூபாவுக்கு விற்கும் கடை வற்றுக்குள் வரும். பிறகு நாளுக்கு 8 லட்சம் ரூபாவுக்கு விற்கும் மொத்த வியாபாரிகூட வெளியே நிற்கலாம். வற் என்பது வீதம் மட்டுமல்ல, அது ஒரு சங்கிலி. நான் ஒரு வியாபாரி என்றால், வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ள எனக்கு உங்கள் பற்றுச்சீட்டு வேண்டும், ஆகவே நான் உங்களிடம் அதைக் கேட்டு வாங்குவேன். அந்தச் சீட்டின் மூலம் நீங்கள் எவ்வளவு விற்றீர்கள் என்பது இறைவரித் திணைக்களத்துக்குத் தெரியும். நடுவில் இருக்கும் வளையங்களைக் கழற்றிவிட்டால் வியாபாரி வியாபாரியைச் சரிபார்க்கும் அந்த ஏற்பாடே நின்றுவிடும். வீதத்தைத் திரும்ப உயர்த்த ஒரு வர்த்தமானி போதும். கோப்புகளையும் ஆட்களையும் திரும்பச் சேர்க்க வருடங்கள் பிடிக்கும். சம்பளத்திலும் வட்டியிலும் மூலத்திலேயே பிடிக்கும் வரிகளை நீக்கியதும் இதே வகைச் சேதம்.

விளைவு கணக்கில் வந்தது. 2019 இல் அரசாங்கத்தின் வரி வருமானம் 1,735 பில்லியன் ரூபா அளவில் இருந்தது. 2020 இல் அது 1,217 பில்லியன் அளவுக்கு விழுந்தது. விழுந்தது மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கொரோனா இதில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2020 மார்ச்சில் நாடு பூட்டப்பட்டது, 2019 இல் 3.6 பில்லியன் டொலர் தந்த உல்லாசப் பயணத்துறை படுத்துவிட்டது. அதை மறைத்துக் கதைப்பது நேர்மையல்ல. ஆனால் கொரோனா மட்டும் காரணம் என்றால், 2021 இல் பொருளாதாரம் திரும்ப வளர்ந்தபோது வரி வருமானமும் அதன் பங்குக்கு எழும்பியிருக்க வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரியின் பங்கு 2019 இல் 11.6 சதவீதம், 2020 இல் 8.1, 2021 இல் 7.7. பொருளாதாரம் எழும்பிய வருடத்திலும் பங்கு இறங்கியது. ஓட்டை பெருந்தொற்றுக்கு முன்னரே போடப்பட்டிருந்தது, பெருந்தொற்று அதைப் பெரிதாக்கியது.

அப்புறம் செலவுப் பக்கம். இலங்கை அரசாங்கத்தின் செலவில் வெட்டக்கூடியது மிகக் குறைவு. 2020 இல் கடன் வட்டிக்கு மட்டும் அரசாங்கத்தின் மொத்த வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் போனது. அதோடு அரச ஊழியர் சம்பளத்தைச் சேர்த்தால் வருமானத்தைத் தாண்டிவிட்டது. ஓய்வூதியம், சமுர்த்தி, ஆஸ்பத்திரி மருந்து, பள்ளிக்கூடப் புத்தகம், வீதி எல்லாம் கடனில். இந்த நிலையில் பட்டதாரிப் பயிலுநர்களாகப் பல்லாயிரம் பேரைப் புதிதாகச் சேர்க்கவும் செய்தார்கள். 2022 ஜனவரியில், கையில் காசே இல்லாத நேரத்தில், அரச ஊழியருக்கு மாதம் 5,000 ரூபா கொடுப்பனவு உட்பட 229 பில்லியன் ரூபா நிவாரணப் பொதி அறிவிக்கப்பட்டது. வாங்கியவர்களில் என் உறவினர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது, விலை அப்படி ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த 5,000 எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அரசாங்கத்துக்குப் பள்ளத்தை நிரப்ப மூன்று வாசல்கள் உண்டு. உள்நாட்டு வங்கிகளும் ஊழியர் சேமலாப நிதி போன்ற நிதியங்களும் ஒன்று. வெளிநாட்டில் டொலர் கடன் வாங்குவது இன்னொன்று. மூன்றாவது மத்திய வங்கி.

வெளிநாட்டு வாசலில் இலங்கை 2007 முதல் போய் வந்துகொண்டிருந்தது. சர்வதேச இறைமை முறிகளை, அதாவது டொலரில் திருப்பிக் கட்ட வேண்டிய அரசாங்கக் கடன் பத்திரங்களை, விற்று டொலர் எடுப்பது, பழையது முதிர்ந்தால் புதிதாக ஒன்று விற்று அதைக் கட்டுவது. இந்த வண்டி ஓடும்வரை ஓடும். கடன் கொடுப்பவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த அரசாங்கத்துக்கு வரி வசூலிக்க வலுவும் மனமும் இருக்கிறதா? வரிக் குறைப்புக்குப் பிறகு நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் ஃபிட்ச், மூடிஸ், எஸ் அண்ட் பி மூன்றும் இலங்கையின் தரத்தை இறக்கின. 2020 முடிவதற்குள் அந்த வாசல் மூடிவிட்டது. ஆனால் பழைய கடன் முதிரும் திகதி மாறவில்லை. 2020 ஒக்டோபரில் ஒரு பில்லியன் டொலர், 2021 ஜூலையில் இன்னொரு பில்லியன், 2022 ஜனவரியில் 500 மில்லியன். இவ்வளவையும் நாட்டின் டொலர் கையிருப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள்.

மிஞ்சியது மத்திய வங்கி. "காசு அச்சிட்டார்கள்" என்று சனம் சொல்வது இதைத்தான். உண்மையில் அச்சு இயந்திரம் இரவு பகலாக ஓடவில்லை. அரசாங்கம் வாரந்தோறும் திறைசேரி உண்டியல்களை, அதாவது குறுகிய காலக் கடன் பத்திரங்களை, ஏலத்தில் விடும். வட்டியைக் குறைவாகப் பிடித்து வைத்திருந்ததால் தனியார் வாங்கத் தயங்கினார்கள். வாங்காமல் எஞ்சியதை மத்திய வங்கியே வாங்கி, அந்தப் பெறுமதியை அரசாங்கத்தின் கணக்கில் எழுதிவிடும். 2019 முடிவில் மத்திய வங்கியிடம் இருந்த அரசாங்கப் பத்திரங்கள் 75 பில்லியன் ரூபா அளவு. 2021 முடிவில் 1,400 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. அந்த நேரத்தில் சிலர், காசு அச்சிட்டால் பணவீக்கம் வரும் என்பது பழைய கதை என்று வாதாடினார்கள். ஒரு வருடத்துக்கு விலை பெரிதாக அசையாததால் அவர்கள் சொன்னது சரி போலவும் இருந்தது.

அசையாததற்குக் காரணம் இருந்தது. புதிய ரூபா முதலில் தாக்கியது டொலரை. இது உங்கள் பாடத்தில் ஒரு வசனமாக இருக்கும், எங்கள் நாட்டில் இதுவே முழுப் பாடம். மந்தமான காலத்தில் அரசாங்கம் செலவழிக்க வேண்டும் என்று 1930களில் பொருளியலாளர் ஜோன் மேனார்ட் கெயின்ஸ் எழுதியபோது, செலவழித்த காசு பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே கைமாறும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்த 45,000 ரூபா ஆசிரியர் தன் கையில் மிஞ்சும் 1,000 ரூபாவை எதில் செலவழிப்பார்? பால்மா, பருப்பு, சீனி, காஸ், பெற்றோல். எல்லாம் கப்பலில் வருவது. இங்கே தூண்டிவிட்ட கேள்வியில், அதாவது சனம் சாமான் வாங்கும் தேவையில், பெரும்பகுதி நியூசிலாந்துப் பண்ணைக்கும் வளைகுடா எண்ணெய்க் கிணற்றுக்கும் போய்விடுகிறது. 2021 இல் இலங்கை இறக்குமதி செய்தது 20.6 பில்லியன் டொலருக்கு, ஏற்றுமதி செய்தது 12.5 பில்லியனுக்கு. ரூபாவை எவ்வளவும் உருவாக்கலாம், டொலரை உருவாக்க முடியாது.

டொலர் விலை ஏற வேண்டிய நேரத்தில் அதை 200 ரூபாவுக்குச் சற்று மேலே கட்டி வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக் காசு வராத வீடு குறைவு என்பதால் இதன் விளைவை நான் நேரில் பார்த்தேன். வங்கியில் அனுப்பினால் ஒரு டொலருக்கு 200 ரூபா, உண்டியலில் அனுப்பினால் அதைவிடக் கணிசமாகக் கூட. (திறைசேரி உண்டியல் வேறு, இந்த உண்டியல் வேறு. இது அங்கே ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டு வாசலில் ரூபாவைக் கொண்டுவந்து தரும் வழி.) கனடாவில் பனிக்குள் இரண்டு வேலை செய்து அனுப்பும் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்? வங்கி வழியாக வந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2020 இல் 7.1 பில்லியன் டொலர், 2021 இல் 5.5 பில்லியன். குடும்பங்களுக்குக் காசு வந்தது, நாட்டுக்கு டொலர் வரவில்லை. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு கரைந்து, 2022 மே தொடக்கத்தில் பாவிக்கக்கூடியது 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் சொல்லும் நிலை வந்தது.

2022 மார்ச் 7 இல் கட்டை அவிழ்த்தார்கள். மே மாதத்துக்குள் டொலர் 360 ரூபா. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவை.

அம்மா சி.ஆர். கொப்பி ஒன்றில் வீட்டுக் கணக்கு எழுதுவார், இன்றும் எழுதுகிறார். அந்தக் காலப் பக்கங்களைப் பார்த்தால் எந்த அறிக்கையும் தேவையில்லை. 400 கிராம் பால்மா 380 ரூபா என்று இருந்தது, 2021 ஒக்டோபரில் 480, வருட முடிவில் 540, 2022 மார்ச்சில் 790. காஸ் சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2022 ஏப்ரலில் 4,860. அதற்குப் பிறகு சில மாதங்களுக்குக் காஸ் என்று எழுதிய இடமே இல்லை, விறகு என்று இருக்கிறது. பால்மாவும் இல்லை, "பிளேன்ரீ" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார். கணக்குக் கொப்பியில் அதை ஏன் எழுதினார் என்று நான் கேட்கவில்லை. மண்ணெண்ணெய்க்கு விடியப்புறம் மூன்று மணிக்குக் கானைக் கொண்டுபோய் வரிசையில் வைத்த நாட்களின் சம்பளம் எந்தக் கணக்கிலும் வராது.

2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. 45,000 ரூபாச் சம்பளக்காரர் அதே சாப்பாட்டுச் சாமானை வாங்க ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தார். அதாவது சாப்பாட்டுக்கு ஒதுக்கிய காசின் பெறுமதியில் ஏறக்குறையப் பாதி அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. இதை எந்த இறைவரி அதிகாரியும் வந்து பிடிக்கவில்லை, எந்தப் பாராளுமன்றமும் வாக்களிக்கவில்லை. 2019 இல் மாதம் 6,000 ரூபா மிஞ்சியவருக்கும் விலை ஏறியதுதான். ஆனால் அவரிடம் காணி இருந்தது, சிலரிடம் டொலர் இருந்தது. ஆசிரியரிடம் இருந்தது சம்பளமும் சேமிப்பில் கிடந்த ரூபாவும். உலக வங்கியின் மதிப்பீட்டில், 2021 இல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022 இல் 25 சதவீதமானது. எனக்கு இந்த விடயத்தில் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதாரத்தை இப்படிக் கையாண்டதன் மூலம் அன்றைய தலைவர்களும் அதிகாரிகளும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. நட்டஈடு விதிக்கவில்லை.

பிறகு திரும்பி வந்த பாதை. பாடப்படி பொருளாதாரம் சுருங்கும்போது வரியைக் கூட்டக்கூடாது. நாங்கள் சுருங்கிக்கொண்டே கூட்டினோம், வேறு வழி இருக்கவில்லை. வற் 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வருமான வரி விலக்கு எல்லை மறுபடி மாதம் 1,00,000, மேல் வீதம் 36. வங்கி வட்டிகளுக்கு அடிப்படையாக மத்திய வங்கி வைக்கும் கொள்கை வட்டி வீதத்தை 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள். மின்கட்டணம் ஒகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதம் கூடியது, அடுத்த பெப்ரவரியில் இன்னொரு 66. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2023 நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது, 2024 இல் பொருளாதாரம் 5 சதவீதம் வளர்ந்தது. மத்திய வங்கி அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதை 2023 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. இவ்வளவும் வேலை செய்தது உண்மை. ஆனால் விலை இறங்கவில்லை, ஏறும் வேகம்தான் இறங்கியது. பாரத்தின் பெரிய பங்கை வற் போன்ற மறைமுக வரிகளில் ஏற்றியதால், 2022 இல் அடிபட்ட அதே வீடுகள் 2024 இலும் கட்டின. திருத்தம் தேவைதான், இந்தப் பங்கீடு நியாயமில்லை என்பது என் கருத்து.

இது இலங்கைக்கு மட்டுமான வருத்தமா? இல்லை. 2022 செப்டெம்பர் 23 இல் பிரித்தானியாவில் லிஸ் ட்ரஸ் அரசாங்கம் 45 பில்லியன் பவுண் வரிக் குறைப்பை, காசு எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் அறிவித்தது. பவுண் சரிந்தது, அரசாங்கக் கடனின் வட்டி எகிறியது, இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டி வந்தது. ஒரு மாதத்துக்குள் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். ஆனால் அவர்களுடைய கடன் பவுணில் இருக்கிறது, அறிவிப்பை வாபஸ் வாங்கியதும் காயம் பெரும்பாலும் ஆறியது. யப்பான் தன் வருட உற்பத்தியின் இரண்டு மடங்குக்கு மேல் கடன் வைத்துக்கொண்டும் நிற்பதற்கு, அந்தக் கடன் யென்னில், பெரும்பாலும் உள்நாட்டவரிடம் இருப்பது பெரிய காரணம். டொலரில் கடன் வாங்கி, டொலரில் சாப்பாடு வாங்கும் நாட்டுக்கு அந்த வசதி இல்லை.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. 2025 ஏப்ரலில் வரி விலக்கு எல்லை மாதம் 1,00,000 இலிருந்து 1,50,000 ஆனது. விலை ஏறிய பிறகு 1,00,000 என்பது பழைய 1,00,000 இல்லை, ஆகவே அந்த உயர்வு நியாயமானது. 2019 உடன் ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கே என்றால், அதே ஏப்ரலில் வங்கி வட்டியில் பிடிக்கும் வரியை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். 2020 மார்ச் முதல் மூடியிருந்த வாகன இறக்குமதியையும் அந்த வருடம் பெப்ரவரியில் திறந்து, அதில் பெரிய வரி வருமானத்தைக் கணக்கில் வைத்திருந்தார்கள். கடன் வட்டியை நீக்கிப் பார்த்தால் வருமானம் செலவைவிட மிஞ்சும் நிலையில் நின்றுகொண்டு செய்த குறைப்பு அது. 2019 இல் ஓட்டையைப் போட்டுவிட்டு நிரப்புவதைப் பிறகு பார்ப்போம் என்றார்கள், இந்தத் தடவை நிரப்பும் மண்ணைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தோண்டினார்கள்.

எனக்கு அதில் ஒரு பயம் மட்டும் இருக்கிறது. ஐந்து வருடம் காத்திருந்து வாகனம் வாங்குபவர்களின் வரிசை ஒரு தடவைதான் வரும். அந்த வரி வற்றிய வருடத்தில் அதற்குப் பதிலாக எந்தத் தலைப்பில் காசு எழுதுகிறார்கள் என்று வரவு செலவுத் திட்ட உரையில் அல்ல, அதன் பின்னிணைப்பில் உள்ள வருமான அட்டவணையில் பாருங்கள். நான் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன்.